வாயில் தேடி வரும் மருத்துவம்

பாடம் 8 – உரைநடை

நுழையும் முன்

உயிர்களிடத்து அன்பு செலுத்துதல் நன்று. அவ்வன்பை எவ்வாறு செலுத்த வேண்டும் என்று அறிந்திருத்தல் அதனினும் நன்று.

சென்ற மழைக்காலத்தில் மாணவி ஒருத்தி தன் கட்டுரை ஏட்டில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருந்தாள். மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா ஓரமாக அவளும் அவள் தாத்தாவும் தம் வளர்ப்பு நாயுடன் நடந்து சென்றனர். மரத்தடியில் கீரி ஒன்று தள்ளாடியபடி நின்றது. மனிதரைக் கண்டால் ஓடி மறையும் இயல்புடைய அவ்விலங்கு அன்று அசையவே இல்லை. அதன் வாயில் நுரை வழிந்தது. நாய் அதனை முகர விரைந்தது. மாணவியோ தண்ணீர் கொடுக்கக் குனிந்தாள். தாத்தா நாயின் வாரை இறுகப் பற்றி இழுத்து, "தொடாதே அம்மா, தள்ளி வா" என்றார். இருவரும் வீடு திரும்பினர். "தவித்த உயிருக்குத் தண்ணீர் தராமல் வந்தது பாவம் அல்லவா?" என்னும் வினாவோடு அவள் கட்டுரையை முடித்திருந்தாள்.

அவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நோய் வரும் வழி

காட்டுயிர் ஒன்று மனிதரைக் கண்டு அஞ்சாமல் நிற்பதும், தள்ளாடுவதும், வாயில் நுரை வழிவதும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றுள் மிகக் கொடியது ரேபிஸ் எனப்படும் வெறிநோய். நாய், பூனை, கீரி, நரி, குரங்கு, மனிதர் எனப் பாலூட்டிகள் அனைத்தையும் இந்நோய் தாக்கவல்லது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் உள்ள நச்சுயிரி, கடித்த காயத்தின் வழியே உடலுள் புகுந்து, நரம்புகளின் வழியே மூளையைச் சென்றடைகின்றது. அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆயினும் நச்சுயிரி மூளையை அடையப் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் தடுப்பூசி இட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் பாரிஸ் நகரில் தடுப்பூசி இடச் செய்தார். சிறுவன் உயிர் பிழைத்தான்.

மும்பையின் மழைக்காலத்திற்குரிய மற்றொரு நோய் எலிக்காய்ச்சல். எலி, பெருச்சாளி ஆகியவற்றின் சிறுநீர் தேங்கிய நீரில் கலக்கின்றது. காலில் காயத்துடன் அந்நீரில் நடப்போரை நோய் பற்றுகின்றது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அவ்வெள்ளத்திற்குப் பின் இந்நோய் நகரில் பரவியது. வளர்ப்பு நாய்களையும் இது தாக்கும். அவற்றிற்கும் இதற்கான தடுப்பூசி உண்டு.

நோய்க்கு எல்லை இல்லை

காட்டிலிருந்து மட்டுமே நோய் வருகின்றது என்று எண்ணலாகாது. நாட்டிலிருந்தும் அது காட்டிற்குச் செல்கின்றது. டிஸ்டெம்பர் என்பது நாய்களிடையே பரவும் ஒரு நச்சுயிரி நோய். 1994ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இந்நோயால் மடிந்தன. 2018ஆம் ஆண்டு குஜராத்தின் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றுள் சிலவற்றிடம் இதே நச்சுயிரி கண்டறியப்பட்டது. நம் நாய்க்கு நாம் இடும் தடுப்பூசி நம் வீட்டை மட்டுமன்றிக் காட்டையும் காக்கும்.

ஊர்தியில் வரும் மருத்துவர்

நமக்கு அருகிலுள்ள பரேலில், 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இன்றும் பணியாற்றுகின்றது. ஆனால் தெருநாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார் யார்? சிற்றூரில் எழ இயலாமல் படுத்துவிட்ட பசுவை எவ்வாறு கொண்டு செல்வது? ஆகவே மருத்துவமே ஊர்தி ஏறி வர வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கால்நடை வளர்ப்போர் 1962 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைத்தால், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி அவர்களை நாடி வருகின்றது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது இதைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டறியுங்கள்.

கோவா மாநிலம் இதற்கு மேலும் ஒரு சான்று. அங்கு மிஷன் ரேபிஸ் என்னும் தொண்டு நிறுவனம் அரசுடன் இணைந்து பணியாற்றியது. அதன் குழுவினர் ஊர்தியில் தெருத்தெருவாகச் சென்றனர். தெருநாய்களை வலையால் பிடித்து, தடுப்பூசி இட்டு, வண்ண அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவித்தனர். பள்ளிகளுக்கும் சென்று மாணவர்க்கு நோயைப் பற்றி எடுத்துரைத்தனர். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 100க்கு 70 நாய்கள் தடுப்பூசி பெற்றால் நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது அறிஞர் கருத்து. 2021இல் கோவா, ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அங்கு அந்நோயால் மனிதர் எவரும் இறந்ததாகப் பதிவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. நோயுற்ற விலங்கைத் தொடாதீர். வளர்ப்பு விலங்கை அதனருகே விடாதீர்.
2. பெரியோர் வழியாக வனத்துறைக்கோ விலங்கு மருத்துவமனைக்கோ உடனே தெரிவியுங்கள்.
3. விலங்கு கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திட்டுக்கு அஞ்சி மறைத்தல் உயிருக்கே கேடு.
4. வளர்ப்பு நாய், பூனைகளுக்கு மருத்துவர் கூறும் நாளில் தவறாது தடுப்பூசி இடுங்கள்.
5. வெள்ளநீரில் நாயை இறக்காதீர். எலிகள் வரும்படி உணவை வெளியே விடாதீர்.

இனி, மாணவியின் வினாவிற்கு வருவோம். தாத்தா தடுத்தது பாவமன்று. பேத்தியையும் நாயையும் காத்த நற்செயலே அது. எனினும் செய்ய வேண்டிய ஒன்று எஞ்சி நின்றது. கீரியைத் தொடாமலேயே அதற்கு உதவியிருக்கலாம். உதவ வல்லவரை ஒரு தொலைபேசி அழைப்பால் வரவழைத்திருக்கலாம். விலகி நிற்பதோடு அருள் முடிந்துவிடுவதில்லை.

சொற்பொருள்

நச்சுயிரி – நோய் உண்டாக்கும் மிக நுண்ணிய கிருமி
ஊர்தி – வண்டி
வார் – நாயைப் பிடித்துச் செல்லும் தோல்பட்டை
எஞ்சி – மீதமாகி

பயிற்சி

1. கீரி நோயுற்றிருந்தது என்பதை எவ்வறிகுறிகளால் அறியலாம்?
2. வெறிநாய் கடித்த பின்னரும் தடுப்பூசி பயன் தருவது எவ்வாறு?
3. பிரித்து எழுதுக: அவ்விலங்கு, உயிர்களிடத்து, அந்நீர்.
4. உங்கள் தெருவில் தடுப்பூசி முகாம் நடத்த வேண்டி, மாநகராட்சிக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.