இல்லாத குரலும் செவிலியர் பயிற்சியும்

தமிழ்நாட்டில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமானால் 'கீழ்ப்பாக்கம்' என்பார்கள். நம் திருவனந்தபுரத்தில் அதே கேலிக்கு 'ஊளம்பாறை' என்று பெயர். திருவிதாங்கூர் அரசர் காலத்தில் 1870-இல் தொடங்கப்பெற்ற அந்த மருத்துவமனை, இன்று மனநல மையம் என்ற பெயரில் பேரூர்க்கடைக்கு அருகே இயங்கி வருகிறது. கேலி பேசுகிறவர்கள், உள்ளே இருக்கும் நோயாளியின் காதில் என்ன கேட்கிறது என்று யோசிப்பதில்லை. யோசித்தே ஆகவேண்டியவர்கள் செவிலியர்கள். மருத்துவர் வார்டைச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடுவார். எட்டு மணி நேரமும் உடன் இருப்பவர் செவிலியர்தாமே. மனநலச் செவிலியருக்கு மெய்நிகர் கருவிகளைக் கொண்டு பயிற்சி தரும் முறை மேல்நாடுகளில் வளர்ந்து வருகிறது. அது என்ன, அதை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவரலாமா என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் பிரமை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புறத்தில் ஒலி இல்லாமலே குரல் கேட்பதும், பொருள் இல்லாமலே உருவம் தெரிவதும் பிரமை. மனச்சிதைவு நோயில் பெரும்பாலும் வருவது குரல் பிரமைதான். நாம் எல்லோரும் மனத்துக்குள் பேசிக்கொள்கிறோம். அது நம் பேச்சு என்று நமக்குத் தெரியும். அந்த 'என்னுடையது' என்ற முத்திரை விழாமல் போனால் அதே பேச்சு பிறர் குரலாக வந்து நிற்கும் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் விளக்கம். குரல் கேட்கும் வேளையில் எடுத்த மூளைப் படங்களில், பேச்சை உண்டாக்கும் பகுதி வேலை செய்வது தெரிந்திருக்கிறது. ஆகவே நோயாளியிடம் "அங்கே யாரும் பேசவில்லையே" என்று வாதாடுவது, பல்வலிக்காரரிடம் வலிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

வாதாடவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது. "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன், அது என்ன சொல்கிறது?" என்று கேட்கத் தெரிய வேண்டும். குரல் ஆணையிடுகிறதா, தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்கிறதா என்பதை நேராகவே கேட்டு அறிந்து, உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி அழைத்து, சிறு சிறு வாக்கியங்களாகப் பேச வேண்டும். முன்னறிவிப்பின்றித் தொடக்கூடாது. நோயாளி பார்க்கும் இடத்தில் சக செவிலியரோடு குசுகுசுவென்று பேசிச் சிரிப்பது பெருந்தவறு. பாட்டை முணுமுணுப்பது, உரக்க வாசிப்பது, யாரோடாவது பேசிக்கொண்டிருப்பது ஆகியவை சிலருக்குக் குரலை அடக்குகின்றன. யாருக்கு எது பயன்படுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதும் செவிலியர் வேலை.

இவை பாடப்புத்தகத்தில் உள்ளவைதாம். ஆனால் புத்தகத்தில் படித்தது பதற்றமான நேரத்தில் நினைவுக்கு வருமா? ரயில்வேயில் நாங்கள் கண்ட உண்மை, வராது என்பதே. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929-இல் விமானிகளுக்காகத் தரையிலேயே நிற்கும் பயிற்சி விமானத்தை உருவாக்கினார். அந்த வழியில் வந்தவைதாம் இன்று ரயில் ஓட்டுநருக்கான சிமுலேட்டர்கள். பனிமூட்டத்தில் சிக்னல் மறைவதையும், தண்டவாளத்தில் மாடு நிற்பதையும் யாருக்கும் காயமின்றி நூறு முறை காட்டலாம். மனநலத் துறையில் இதற்கு இன்னும் அவசரமான காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளில் 28 பேர் தீயில் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. உடலைக் கட்டுப்படுத்துவது வேறு வழியில்லாதபோது மட்டுமே என்றது. அப்படியானால் செவிலியர் கையில் மிஞ்சும் கருவி அவருடைய பேச்சுதான். அதற்குப் பயிற்சி வேண்டாமா?

முன்னோடி மிக எளிமையானது. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா டீகன், பதின்வயதிலேயே மனச்சிதைவு நோய் என்று கண்டறியப்பட்டவர், குரல் கேட்பவர். அவர் ஓர் ஒலிநாடாப் பயிற்சியை அமைத்தார். பயிற்சி பெறுபவர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, ஏச்சும் கிசுகிசுப்பும் கேட்டபடியே சாதாரண வேலைகளைச் செய்ய வேண்டும், வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். சற்று நேரத்திலேயே பலர் திணறிப்போவார்கள். நோயாளி பதில் சொல்லத் தாமதிப்பது திமிரன்று என்பது அப்போது விளங்கும்.

பின்னர் கலிபோர்னியாவில் பீட்டர் யெல்லோலீஸ் என்ற மனநல மருத்துவர், நோயாளிகளிடம் கேட்டறிந்த பிரமைகளைக் கொண்டு கணினிக்குள் ஒரு வார்டையே அமைத்தார். அதில் நடப்பவரின் காலடியில் தரை விலகும். தொலைக்காட்சியில் அரசியல் உரை ஆற்றுபவர் திடீரென்று பார்ப்பவரையே ஏசுவார். கண்ணாடியில் தம் பிம்பம் இறந்து தோன்றும். 2006-இல் வெளியான கட்டுரையின்படி, கருத்துச் சொன்ன 579 பேரில் 76 சதவீதத்தினர் குரல் பிரமையைப் பற்றிய தங்கள் புரிதல் கூடியது என்றனர். அது மேசைக் கணினித் திரை. இன்றைய தலைக்கவசத்தில் இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டப்படுகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்ப வேண்டும். இடையில் சுமார் 20 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதித்தால் பலருக்குக் குமட்டும். ஒலியும் அப்படியே: பக்கவாட்டிலிருந்து வரும் ஓசை ஒரு காதைவிட மற்றக் காதுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரமே பிந்தி வருகிறது. அந்த நுண்ணிய பிந்துதலையும், தலையும் காதுமடலும் ஒலியில் செய்யும் மாற்றங்களையும் கணினி உண்டாக்கினால், பின்னாலிருந்து யாரோ பேசுவது போலவே இருக்கும்.

என் கருத்தில், குரல் பிரமைக்கு நல்ல ஒலிக்கருவியே போதும். விலையுயர்ந்த கவசம் வேண்டியதில்லை. கவசம் உண்மையாகப் பயன்படுவது காட்சிப் பிரமைக்கு. மதுவுக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில், உடலில் பூச்சி ஊர்வதாகவும் சுவரில் உருவங்கள் அசைவதாகவும் கண்டு அலறுவார். நடுக்கம், வியர்வை, நாடித்துடிப்பு எல்லாம் ஏறும். இது உயிருக்கே ஆபத்தான நிலை. கேரளத்தில் பொது வார்டுச் செவிலியர்கூட இதைச் சந்திக்க நேரும். அறுவைச் சிகிச்சைக்கென்று வந்து படுத்தவருக்கு மூன்றாம் நாள் இது வந்தால், 'பைத்தியம்' என்று ஒதுக்காமல் அவசரமாக மருத்துவரை அழைக்கத் தெரிய வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர், சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய 'ஸ்கார்ஃப்' அமைப்பைச் சேர்ந்த மருத்துவர்களோடும் பிற ஆய்வாளர்களோடும் சேர்ந்து செய்த ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. கலிபோர்னியா, கானா நாட்டின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் இடத்துக்கு இருபது பேராகக் குரல் கேட்போரைப் பேட்டி கண்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் குரல். வன்முறையைப் பேசும் குரல். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தாய், தந்தை, மாமியார், நாத்தனார் போன்ற உறவினர் குரல்! அது திட்டவும் செய்கிறது. குளி, சமை, வீட்டைக் கவனி என்று புத்தியும் சொல்கிறது.

ஆகவே அமெரிக்கக் குரலை ஆங்கிலத்தில் கேட்டுப் பழகிய செவிலியர், மாமியார் குரல் கேட்கும் நம்மூர்ப் பெண்ணைப் புரிந்துகொள்வது கடினம். "அந்தக் குரலைப் பொருட்படுத்தாதீர்கள்" என்று அந்நியர் குரலைப் பற்றிச் சொல்லலாம். இறந்துபோன தாயின் குரலைப் பற்றி அப்படிச் சொன்னால் நோயாளி செவிலியரையே வெறுப்பார். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் சிகிச்சைக்கு இங்கே வருகிறார்கள். செவிலியர் மலையாளத்தில் கேட்பார். நோயாளி அதற்கு மலையாளத்திலேயே பதிலும் சொல்லிவிடலாம். ஆனால் காதில் ஒலிப்பது வீட்டுத் தமிழ். "குரல் எந்த மொழியில் பேசுகிறது?" என்ற ஒரு கேள்வியைச் செவிலியரின் குறிப்பேட்டில் சேர்த்தாலே பெரிய உதவி.

பயிற்சிப் பதிவுகளை இங்கேயே தமிழிலும் மலையாளத்திலும் தயாரிக்கலாம். டெக்னோபார்க் 1990-இலிருந்து இருக்கும் ஊரில் அதற்கு ஆளா இல்லை? நடிகர்களைத் தேடுவதைவிட, குணமடைந்து வாழ்பவர்களை அவர்கள் சம்மதத்துடன் கேட்டு வசனம் எழுதச் செய்வது நல்லது. டீகன் செய்ததும் அதுதான். உரத்த அச்சுறுத்தலை மட்டுமே பதிவு செய்யக்கூடாது. "அடுப்பை அணைச்சியா, இன்னும் குளிக்கலையா" என்று ஓயாமல் நச்சரிக்கும் குரலும் இடம்பெற வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இவ்வகைப் பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2011-இல் சொன்னது: அனுபவித்தவர்களுக்கு இரக்கம் கூடுகிறது, ஆனால் நோயாளியிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற எண்ணமும் கூடுகிறது. பயத்தை மட்டும் காட்டிவிட்டுக் கவசத்தைக் கழற்றினால் அப்படித்தான் ஆகும். எனவே பத்து நிமிடம் கேட்டால் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும். அந்தக் குரலோடு வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிற ஒருவர் அப்போது உடன் இருந்தால் மிகவும் நல்லது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், தாமே மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் கவசத்தை மாட்டக்கூடாது. மற்றவர்களுக்கும் நிறுத்தும் பொத்தானை அவரவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.