நாக்கு சொல்வதை எழுதுங்கள்

சுவை: கேள்வி - பதில்

கே: மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறார். கிரீஸில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு சிவப்பு ஒயின் வாங்கிவந்தார். லேபிளில் ‘நெமியா’ என்று இருக்கிறது. ஒரே துவர்ப்பு, இனிப்பே இல்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போடும் ஒயின் மாதிரி இல்லையே, கெட்டுவிட்டதா?
- வாசகர், அம்பத்தூர்

ப: கெடவில்லை. வீட்டு ஒயினில் பன்னீர் திராட்சையோடு சர்க்கரையும் கொட்டுகிறோம். அதில் நொதிக்காமல் மிஞ்சுவதுதான் அந்த இனிப்பு. நெமியாவில் பழத்தின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிடும். பெலொபொனீஸ் பகுதியில் விளையும் அயோர்யீத்திகோ என்ற திராட்சையில் செய்வது. கிரேக்கச் சிவப்பு ஒயின்களில் மென்மையானது என்று பெயர் எடுத்த வகை இது. வடக்கே நவுசாவில் க்சினோமாவ்ரோ என்று ஒரு திராட்சை இருக்கிறது. அதன் புளிப்பும் துவர்ப்பும் இதைவிடப் பல மடங்கு கடுமை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதிகக் குளிர்ச்சி துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு மறுபடி ருசித்துப் பாருங்கள். விலை குறைவு என்பதற்காக மருமகனைக் குறை சொல்லாதீர்கள், நல்ல பாட்டிலைத்தான் வாங்கிவந்திருக்கிறார்.

கே: சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில்தானே குடிக்க வேண்டும்? எனக்குச் சாராய நெடிதான் தெரிகிறது.
- வாசகர், ஆவடி

ப: எந்த அறை? அந்த விதியை எழுதியவர்களின் அறையில் 16, 18 டிகிரி இருக்கும். மே மாதத்து ஆவடியில் 35. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை அதற்கடியில் அமுங்கிப்போகும். குடிப்பதற்கு முன் அரை மணி, முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய ஓட்டல்களிலேயே வெயிலில் கிடந்த பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். இதை எத்தனை முறை சொல்வது!

கே: ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், பட்டாபிராம்

ப: கூடாது. பாட்டிலைக் குளிர வையுங்கள்.

கே: ஓட்டல் வேலைக்காக ஒயின் ருசிக்கும் வகுப்புக்குப் போகிறேன். மற்றவர்கள் ‘பிளாக்பெர்ரி, கசிஸ், சிடார்’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் நாக்கில்தான் கோளாறா?
- வாசகி, பூந்தமல்லி

ப: உங்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. வாழ்நாளில் பிளாக்பெர்ரியைக் கண்ணால் பார்க்காத பெண்ணிடம், அதன் வாசனை வருகிறதா என்று கேட்பவர்களிடம்தான் கோளாறு. பக்கம் பக்கமாக எழுதுகிற மற்றவர்களில் எத்தனை பேர் அந்தப் பழத்தைத் தின்றிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்த பட்டியலை ஒயினின் பெயரால் ஒப்பிக்கிறார்கள். எனக்கு இதைவிடக் கோபம் தரும் விஷயம் இந்தத் தொழிலில் வேறில்லை.

1984-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்ற பேராசிரியை ஒயின் வாசனைச் சக்கரம் ஒன்றை வெளியிட்டார். இன்று உலகமெங்கும் வகுப்புகளில் மாட்டியிருப்பது அதுதான். ஆனால் அவர் சக்கரத்தோடு நிறுத்தவில்லை. சாதாரண ஒயினில் கிராம்பையோ மிளகையோ பழத்தையோ ஊறப்போட்டு, அதை முகர்ந்து மூக்கைப் பழக்கச் சொன்னார். சக்கரத்தைச் சுவரில் மாட்டியவர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

நீங்கள் அதைச் செய்யுங்கள். நாவல் பழம், மாதுளை முத்து, கொடுக்காப்புளி, பேரீச்சை, கிராம்பு, பட்டை, பழம்புளி, உப்புப் போட்டுக் காயவைத்த தக்காளி வற்றல் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு, பிறகு கிளாஸை முகருங்கள். அயோர்யீத்திகோ என்றால் நன்றாகக் கனிந்த நாவலும் மாதுளையும் முன்னால் வரும். ஓக் பீப்பாயில் இருந்ததாக இருந்தால் பட்டையும் கிராம்பும் பின்னால் வரும். க்சினோமாவ்ரோ என்றால் தக்காளி வற்றல் கிண்ணத்திலேயே உங்கள் மூக்கு நின்றுவிடும்.

அடுத்தது வாய். துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, ஈறிலா, கன்னத்தின் உள்பக்கமா? வாழைக்காய்க் கறை மாதிரி ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறதா, பாக்கு மாதிரி சீக்கிரம் இறங்கிவிடுகிறதா? புளிப்பில் எச்சில் ஊறுகிறதா? விழுங்கிய பிறகு எத்தனை விநாடி ருசி நிற்கிறது? எண்ணி எழுதுங்கள். “கனிந்த நாவல், கொஞ்சம் கிராம்பு, ஈறில் லேசான துவர்ப்பு, பத்து விநாடி நிற்கிறது” என்ற ஒரு வரி போதும். அதைப் படித்தால் அந்த ஒயின் எனக்குத் தெரிந்துவிடும். “நேர்த்தியான, சிக்கலான, சமநிலையுள்ள” என்று எழுதினால் ஒன்றும் தெரியாது.

பரீட்சைக்கு அவர்கள் சொற்கள் வேண்டும்தான். உறையவைத்த பிளாக்பெர்ரி பாக்கெட் ஒன்று வாங்கி, ஒரு முறையாவது தின்றுவிட்டு எழுதுங்கள். தைரியமாக இருங்கள் அம்மா. ஒன்றும் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொள்கிறவர்தான் கற்றுக்கொள்வார்.

கே: மீன் குழம்போடு சேருமா?
- வாசகர், திருநின்றவூர்

ப: சேராது. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் கவுச்சி நாற்றம் எழும். போதாததற்கு ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். மிளகு தூக்கலாக, மிளகாய் குறைவாகப் போட்ட ஆட்டுக்கறி வறுவல் செய்யுங்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும்.

கே: தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லதாமே? வயது 61, இதுவரை தொட்டதில்லை.
- வாசகர், முகப்பேர்

ப: தொட வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.

கே: புறநானூற்றில் யவனர் கொண்டுவந்த மது வருகிறதே, அதுவும் இந்தக் கிரேக்க ஒயின்தானா?
- தமிழாசிரியர், திருமுல்லைவாயில்

ப: நல்ல கேள்வி ஐயா. 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது வருவது அது. வழி ஒன்றுதான், ருசி வேறு. 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் ஆம்போரா ஜாடிச் சில்லுகள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கத் தீவான கோஸின் ஜாடி வகையும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் சேர்ப்பார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு ரோமானியரான கேட்டோ, அதைப் போலவே செய்வதற்குக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். ஜாடியின் உள்பக்கம் பிசின் பூசியிருக்கும். ஆகவே உப்பும் பிசின் வாசமும் கலந்த ஒன்றைத்தான் நம் துறைமுகங்களில் இறக்கியிருப்பார்கள். அந்தப் பிசின் வாசத்தை இன்றும் அறிய வேண்டுமானால் ரெட்சீனா என்ற கிரேக்க ஒயின் இருக்கிறது. பைன் பிசின் போட்ட வெள்ளை ஒயின். முதல் வாய்க்குப் பலருக்கும் பிடிக்காது, நான் விரும்பிக் குடிப்பேன்.

கே: திறந்து மூன்று வாரமான பாட்டில் காடி மாதிரி மணக்கிறது.
- வாசகி, திருவேற்காடு

ப: காடிதான். இனி திறந்தால் மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். இதை வெங்காயப் பச்சடியில் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள்.