வயிற்றுக் கிருமி போனால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பத்து வருடமாகச் சர்க்கரை நோய்; மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வயிற்றெரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்ததில் ‘ஹெச். பைலோரி’ கிருமி இருப்பது தெரிந்தது. அதை ஒழித்தால் சர்க்கரையும் குறையுமா?

– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: அந்த நம்பிக்கையில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கிருமி உள்ளவர்களிடம் சர்க்கரை நோய் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இரைப்பையில் நீடிக்கும் அழற்சி இன்சுலின் வேலையைக் கெடுக்கலாம் என்பது அனுமானம். ஆனால், கிருமிதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை.

அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். இரைப்பைப் புண், ரத்தக் கசிவு, புற்றுநோய் ஆகியவற்றுக்கு இந்தக் கிருமி வழிவகுக்கும். இதைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்பாவின் வயதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இக்கிருமி இரும்புச்சத்து, வைட்டமின் பி12 இரண்டையும் உடல் உறிஞ்சவிடாமல் செய்யலாம். மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். கால் மரத்துப்போவதையும் அசதியையும் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எரிச்சல் தணிந்ததும் பாதியில் நிறுத்தக் கூடாது. அவற்றில் சில, சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது தாழ்சர்க்கரை வரலாம். அப்பா சாப்பிடும் எல்லா மருந்துகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.