வெண்கலச் சிலைக்கும் நோய் வரும்!

மாணவர்களே! ஆழ்வார்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் உள்ளது. அதன் வெண்கலக் கூடத்தில் சோழர் காலச் சிலைகளைக் காணலாம். இத்தகைய பழஞ்சிலைகளை அரித்துத் தூளாக்கவல்ல நோய் ஒன்று உண்டு. அதுவே 'வெண்கல நோய்'.

இதற்குக் காரணம் கிருமியன்று, உப்பு! பல சிலைகள் நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்தவை. மண்ணின் உப்பிலுள்ள குளோரைடு, சிலையின் தாமிரத்துடன் சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகிறது. சிலையை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரமும் ஆக்ஸிஜனும் இதனுடன் வினைபுரிகின்றன. வெளிர்பச்சைத் தூளும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகின்றன. அமிலம் மேலும் தாமிரத்தை அரிக்கிறது. மீண்டும் குப்ரஸ் குளோரைடு! ஈரம் உள்ளவரை இச்சுழற்சி நிற்காது. கெட்டியாகப் படிந்த பச்சைப் படலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். உதிரும் தூளே நோயின் அடையாளம்.

மருந்து என்ன? 1930-இல் இந்த அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கு எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் சிலையை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், குளோரைடு அயனிகள் சிலையை விட்டு நேர்மின்வாயை நோக்கி நகரும்.

நம் விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. 'சிலைகளைத் தொடாதீர்கள்' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?