6174: வந்து சேரும் எண்



ஒரு தாளில் நான்கு இலக்க எண் ஒன்றை எழுதுங்கள். 2222 போல நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது. அவ்விலக்கங்களால் ஆக்கக்கூடிய மிகப்பெரிய எண்ணிலிருந்து மிகச்சிறிய எண்ணைக் கழியுங்கள். விடையையும் அவ்வாறே செய்யுங்கள். விடை மூன்று இலக்கமாக வந்தால் முன்னால் பூச்சியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்த எண் 1990. வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட ஆண்டு அது. எங்கள் வீடுகளில் எதையும் "தொண்ணூறுக்கு முன்", "தொண்ணூறுக்குப் பின்" என்றே சொல்வார்கள்.

9910 − 0199 = 9711
9711 − 1179 = 8532
8532 − 2358 = 6174

இனி 7641 − 1467 = 6174. எத்தனை முறை செய்தாலும் அதே விடைதான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174க்கு வந்துவிடலாம்.

காரணம் என்ன? இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அ, ஆ, இ, ஈ என்க. கழித்தால் வருவது 999(அ − ஈ) + 90(ஆ − இ). ஆகவே எல்லா விடையும் 9ஆல் மீதியின்றி வகுபடும். அ − ஈ என்பது 1 முதல் 9 வரை இருக்கலாம். ஆ − இ அதைவிடப் பெரிதாக முடியாது. எண்ணிப் பார்த்தால் 54 சோடிகளே உண்டு. பூச்சியத்தில் தொடங்குபவை உட்பட 9990 எண்கள் ஒரே கழித்தலில் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54ஐயும் கையாலேயே சரிபார்க்கலாம்.

6174இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. 6174ஐ 18ஆல் வகுத்தால் 343, அதாவது 7 × 7 × 7. மேலும் 18, அதன் வர்க்கம் 324, அதன் கனம் 5832 ஆகிய மூன்றையும் கூட்டினாலும் 6174தான்!

இதைக் கண்டறிந்தவர் டி. ஆர். கப்ரேக்கர் (1905–1986). மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பாடசாலை ஆசிரியராக இருந்தவர். பட்டப்பின் படிப்புப் படிக்கவில்லை. 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை முன்வைத்தார். அக்காலத்தில் பலர் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது.

என் உம்மா 1990இல் ஐந்தாம் வகுப்பு. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில் வகுப்பு. சாதாரணதரத்தில் கணிதம் சித்தியடையாததால் படிப்பு நின்றது. "கணக்கு எனக்கு ஓடாது" என்பதே அவரது வழமையான பேச்சு. கழிக்கும் முறையை மட்டும் சொல்லி 54 விடைகளையும் எழுதிக் கொடுத்தேன். மூன்று இரவுகளில், சமையல் முடித்த பிறகு, அத்தனையையும் கழித்து முடித்தார். பின்பு கேட்டார்: "மகள், மூன்று இலக்கத்துக்கும் இப்படி ஒரு எண் இருக்குமா?"

கணித அறிஞர் ஒருவரும் அடுத்ததாக இதைத்தான் கேட்டிருப்பார். கணக்கு ஓடாதவருக்கு இக்கேள்வி தோன்றாது.

அப்படியோர் எண் உண்டு. அதை உம்மா கண்டுபிடித்துவிட்டார். நான் இங்கே எழுதவில்லை. உங்கள் வீட்டிலும் உம்மாவோடு சேர்ந்து தேடிப் பாருங்கள்.