காரைக்கு கேமராவோடு போறியா?

தங்கச்சி, அரியலூர் பக்கம் இருக்கும் காரைக்குப் போனா பெரிய அம்மோனைட் புதைபடிவத்தைத் தேடி வெயிலில் அலையாதே. குனிஞ்சு பாரு. மழை அரிச்ச களிமண் மேடுகளில் தோட்டா மாதிரி பெலெம்னைட் துண்டுகள் கிடக்கும். கணவாயோட பழைய உறவுக்கார உயிரியின் உள்ளோடு அது, சுமார் 10 கோடி வருஷப் பழசு. உடைஞ்ச முனையில் நடுவிலிருந்து நாலாபக்கமும் பிரியும் கால்சைட் இழைகள், அதைச் சுத்தி வளர்ச்சி வளையங்கள். நம்ம பக்கத்தில் மேக்ரோவுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

விலை கூடின லென்ஸ் வேண்டாம். அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய 28 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் தலைகீழா மாட்டு. சென்சாரில் பிம்பம் நிஜ அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விழும். வீட்டில் சின்ன வெங்காய விதையை வைத்துப் பழகிக்கோ, அதன் கறுப்புச் சுருக்கங்கள் அத்தனை அழகு.

வெளிச்சம்தான் முக்கியம். உச்சி வெயில் கல்லைத் தட்டையாக்கிடும். காலையிலோ சாயங்காலமோ எடு. இல்லைன்னா டார்ச்சை பட்டர் பேப்பர் வழியா ஒரு பக்கமிருந்து தாழ்வா அடி, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. சாய்ஞ்ச ஒளியில்தான் வளையம் ஒவ்வொன்னும் எழுந்து நிக்கும்.

இன்னும் பெரிசாக்கி நாலு மடங்குக்குப் போனா ஃபோகஸ் ஆழம் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதுக்காக அப்பெர்ச்சரை மூடாதே: அந்த உருப்பெருக்கத்தில் எஃப் 8 என்பது எஃப் 40 மாதிரி வேலை செய்யும், படம் மங்கிடும். எஃப் 4 வைத்து, ஃபோகஸ் ரெயிலில் 0.05 மி.மீ. நகர்த்தி நகர்த்தி எடு. 1.5 மி.மீ. உயரத்துக்கு 30 படம் ஆகும். அப்புறம் ஸ்டாக்கிங் மென்பொருளில் சேர்த்துக்கலாம். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் ரெண்டும் மேனுவல். 2 விநாடி டைமர் போடு. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டோரம்னா, அது கடந்து அதிர்வு அடங்கினப்புறம் அழுத்து. வீட்டில் பழகும்போது ஃபேனையும் நிறுத்திடு.

தூசியை பிளோயரால் ஊது. காரைக் களிமண் தண்ணி பட்டா ஊறி உதிரும், அதனால் கழுவ வேண்டாம்.

கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துட்டு வா. எந்த அடுக்கில் கிடந்ததுன்னு தெரியாத புதைபடிவத்தின் வயசைச் சொல்றது ரொம்பக் கஷ்டம். சாத்தனூருக்கும் போனா, அங்கே கல்லாகிப் போன மரத்தை வேலிக்கு வெளியே நின்னே எடு. ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்கேல் வை. இடம், தேதி, உருப்பெருக்கம் மூணையும் அன்னைக்கு ராத்திரியே எழுதிடு.