டீசல் எஞ்சினில் மசகெண்ணெயின் சுற்றும் சுத்தியும்

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் குளத்து நீர் குன்றும் நாட்களில் கிணற்று இறைவையே பயிரைக் காக்கின்றது. மின்சார மோட்டார்கள் பரவிவிட்ட போதிலும், மின்சாரம் தடைப்படும் சமயங்களில் டீசல் எஞ்சின் உற்ற துணையாகின்றது. நெற்பயிர் பொதிகட்டும் தருணத்தில் எஞ்சின் நின்றுவிடின் நஷ்டம் பெரிது. மசகெண்ணெயைக் கவனியாமை அவ்வாறு நிற்பதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

சில சிறிய எஞ்சின்களில், கனெக்டிங் ராடின் அடியிலுள்ள கரண்டி போன்ற உறுப்பு தொட்டியிலுள்ள எண்ணெயை வாரித் தெளிக்கின்றது. மற்றவற்றில் பல்சக்கர பம்பு ஒன்று எண்ணெயைக் கம்பிவலை வழியே இழுத்து வடிகட்டிக்குச் செலுத்துகின்றது. அங்கிருந்து அது கிராங்க் தண்டின் துவாரங்கள் வழியே பேரிங்குகளை அடைந்து, உராய்வைத் தணித்து, உஷ்ணத்தையும் துகள்களையும் ஏந்திக்கொண்டு தொட்டிக்குத் திரும்புகின்றது.

வடிகட்டி அடைபட்டால், பல எஞ்சின்களில் ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே பேரிங்குகளுக்கு விடும். எண்ணெய் அறவே இல்லாமையினும் அது மேல். ஆயினும் மணலும் உடன் சென்று உலோகத்தை அராவும்.

எண்ணெய் கறுத்தல் மட்டுமே குற்றமன்று. கரியைத் தன்னுள் ஏந்தி நிற்பது நல்ல எண்ணெயின் குணம். வடிகட்டி மணலையும் உலோகத்தூளையும் தடுக்குமேயன்றி, கலந்துவிட்ட டீசலையும் நீரையும் தடுக்கமாட்டாது. ஆதலின் குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றியே தீரவேண்டும். எஞ்சினுடன் வரும் புத்தகத்தில் 250 மணி என்றிருப்பின், நாளொன்றுக்கு 5 மணி ஓட்டுவோருக்கு அது 50 நாட்களில் நிறைவுறும். ஓட்டிய நேரத்தை நாள்தோறும் குறித்து வைத்தல் நலம்.

மாற்றும்போது கவனிக்கவேண்டியவை:

1. எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி நிறுத்தி, சூடாயிருக்கும்போதே எண்ணெயை வடித்தல் வேண்டும். அப்பொழுது அழுக்கும் உடன் இறங்கும்.

2. கம்பிவலையைக் கழுவி, காகித வடிகட்டியாயின் புதிது இடுதல் வேண்டும். துடைக்கும் துணி நூல் உதிராததாக இருத்தல் அவசியம்.

3. எண்ணெய் பால்போல் வெளுத்தால் நீரும், அளவு தானே ஏறினால் டீசலோ நீரோ கலந்ததென அறிந்து, பழுதை நீக்கும்வரை எஞ்சினை ஓட்டலாகாது.

4. ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசுங்காலத்தில் புழுதி மிகுதலால், காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்தல் வேண்டும்.

5. பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டலாகாது.

தினமும் எஞ்சினைக் கிளப்புமுன் அளவுகோலை எடுத்துப் பார்க்கச் செல்லும் ஒரு நிமிஷம், பேரிங்கையும் அதனுடன் பயிரையும் காப்பதாகும்.